கோச் ஒரு தடவைதான் கேட்பார்

திங்கட்கிழமை

அன்பு மகன் சோரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், சோளம் ஆளுயரம் நிற்கிறது, நீயும் அடிபடாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். சுகம் விசாரித்தது போதும், எனக்கு வயிறு எரிகிறது.

சனிக்கிழமை நீ போனில் சொன்னதை அப்பா சொன்னபோது நான் நம்பவே இல்லை. இடப்பக்கக் கார்டாக நின்று எதிராளியைத் தடுக்கிற பையனுக்கு முழங்கால் போய்விட்டது, வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் முதலில் நீ இறங்குகிறாயா என்று கோச் ப்ரூசார்ட் தேடி வந்து கேட்டார், அதற்கு நீ, பரவாயில்லைங்க, டெவான்டே இறங்கட்டும், நான் ஓரமா இருந்துக்குறேன் என்றாயாமே! அவரும் சரியென்று போய்விட்டாராம். போகாமல் என்ன செய்வார்? அவர் தெற்கே லூசியானாக்காரர்டா, அங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள். நம்ம மினசோட்டாவில்தான் காபி வேணுமா என்றால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை சரி அரைக் கோப்பை கொடுங்க என்போம். அவர் மூன்று தடவை கேட்பார் என்று நின்றாயா?

ஏப்ரலில் ஃபுட்பால் அணிகள் காலேஜ் பையன்களைப் பேர் சொல்லி எடுத்த மூன்று நாளும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோமே, இருநூற்றைம்பது பேருக்கு மேல் கூப்பிட்டார்கள், உன் பேர் வரவில்லை. சின்னக் காலேஜ், கை நீளம் போதாது என்றார்கள். ஜானெல் அத்தை, விடுங்க, பையன் வந்து மாட்டைப் பார்க்கட்டும் என்றாள், அந்தக் கோபத்தில் அவள் கொண்டுவந்த பதார்த்தத்தை நாய்க்கு வைத்தேன், அவளிடம் சொல்லிவிடாதே. எனக்கு ஆட்டம் தெரியாது என்று நினைக்காதே. பந்தை யார் கொண்டு ஓடுகிறான் என்று நான் பார்ப்பதே இல்லை, பத்து வருஷமாக உன் காலைத்தான் பார்க்கிறேன். உடம்பு முந்நூறு பவுண்டு, கால் மட்டும் ஏரிப் பனியில் சறுக்கின அதே கால். போன வாரம் கடைசிப் பத்து நிமிஷம் உன்னை இறக்கினார்களே, எதிர் அணியில் அந்த மலைமாடு இரண்டு தடவை முட்டினானே, ஒரு அடி பின்னால் போனாயா நீ? உனக்குப் பின்னால் பந்தெறிகிறவன் சட்டையில் புல்கூட ஒட்டவில்லை. நீ ஆட்டம் தொடங்கும்போதே இறங்க வேண்டியவன். பெற்றவள் என்று சொல்லவில்லை, அப்படியென்றால் உன் அண்ணனையும் சொல்லியிருப்பேனே.

நாம வளர்த்த லட்சணம் என்கிறார் அப்பா. நாம என்ன நாம, நான்தான். ஆறு வயதில் பாஸ்டர் வீட்டில் முதல் தடவை கேட்டதுமே கேக்கை எடுத்துவிட்டாய் என்று காரில் வரும்போது உன் தொடையைக் கிள்ளினேன். கேக்குக்குச் சொன்னதை நீ பிழைப்புக்கும் வைத்துக்கொள்வாய் என்று யார் கண்டது? அந்தக் கிள்ளல் என் தப்புதான்டா.

அடுத்த செவ்வாய் ஆட்களைக் கழிக்கிறார்கள், உன்னைப்போலச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டவர்களையும் சேர்த்து ஐம்பத்து மூன்று பேரைத்தான் அணியில் வைப்பார்கள், அதற்கு முன் இருப்பது இந்த ஒரே ஆட்டம். நீ போனில் ஆட்டத்தைப் பேசினாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் அவசரத் தபால், புதன்கிழமை வந்துவிடும். படித்த கையோடு போய்க் கோச்சின் கதவைத் தட்டு. தப்பாச் சொல்லிட்டேன், நான் ஆடுறேன் என்று சொல். முதலில் மழை வெயில் பேசிக்கொண்டு நிற்காதே.

நேற்று சர்ச்சில் காபி குடிக்கும்போது கடைசித் துண்டு கேக் வழக்கம்போலத் தட்டில் கிடந்தது, நீங்க எடுங்க, இல்லை நீங்க எடுங்க என்று எல்லாரும் நின்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய் எடுத்து, எல்லார் முன்னாலும் நின்று தின்றேன். ஜானெல் வாயைப் பிளந்தாள். ஒன்றும் ஆகவில்லைடா, கூரை இடிந்து விழவில்லை.

கர்த்தர் உன் முழங்கால் இரண்டையும் காக்கட்டும். மறக்காதே, புதன்கிழமை.

இப்படிக்கு,
உன்னைக் கிள்ளின அம்மா,
மார்னா