தெருவுக்கு ஊற்றிய தண்ணீர்

செவ்வாய், இரவு

மர்பி டவுனில் எங்கள் தெருக் குழாய் வறண்டு ஒரு வாரம் ஆகிறது. காலையில் தண்ணீர் லாரியைக் கண்டதும் குடத்தோடு ஓடினோம்.

“உங்களுக்கு இல்லம்மா, ஃபங்ஷனுக்கு. கொஞ்சம் சைடு விடுங்க” என்றார் டிரைவர்.

வார்டு அதிகாரி வருகிறாராம். தூசி அடங்கவேண்டும் என்று அத்தனையையும் தெருவில் கொட்டினார்கள். ஈரம் காய்வதற்குள் அவர் வந்து, தண்ணீரைச் சேமிப்பது எப்படி என்று மைக்கில் பாடம் நடத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எழுந்து, “மொதல்ல குடுங்க சார், அப்புறம் சேமிக்கறோம்” என்றாள்.

அவர் சிரித்துவிட்டு, ஆளுக்கொரு வாளி பரிசு கொடுத்தார்.

வாளியெல்லாம் ஒரே தூசி. கழுவத் தண்ணீர் இல்லை.