ஈயம் இறங்கும் வரை

பிப்ரவரி 4
இன்று டாக்டரம்மாவைப் பார்த்தோம். என் மனைவிக்கு ஃபோலிக் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். உடம்பை முதலில் தேற்றிக்கொண்டு பிறகு கருத்தரிப்பதுதான் நல்லதாம். நியாயம்தான். நான் பாட்டுக்கு மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, மச்சான் கடையில் பழைய பேட்டரியைப் பிரித்து, ஈயம் உருக்கி ஊற்றுவதை விலாவாரியாகச் சொன்னேன். என் கை மாதிரி சுத்தமான கை கிடையாது என்பது உட்பட.

"அப்போ உங்க ரத்தத்தையும் பாக்கணும்" என்றார்.

என் ரத்தம் எதற்கு? இரண்டு முறை கலைந்தது அவள் வயிற்றில். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

பிப்ரவரி 5
இரண்டாவதும் கலைந்த பிறகு அவள் 'பிள்ளை' என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. 'அந்த விஷயம்' என்கிறாள், ஏதோ கரண்ட் பில் கட்டுவது மாதிரி.

பிப்ரவரி 12
ரத்தத்தில் ஈயம். எனக்கு ரொம்ப அதிகம். அவளுக்கும் கொஞ்சம் இருக்கிறது. என் வேலைத்துணியைத் துவைத்ததில் போயிருக்கலாமாம். "இதனாலதான் கலைஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது இறங்காம மறுபடி முயற்சி வேண்டாம். அப்பாவோட உடம்பும் உடம்புதானே?" என்றார் டாக்டரம்மா. கடையிலேயே குளித்துத் துணி மாற்ற வேண்டும். வேலை மேசையில் சாப்பிடக் கூடாது. முடிந்தால் உருக்கும் வேலையையே விட வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்.

அவளுக்கு முப்பத்தாறு முடியப்போகுது. மூணு மாசம்னா சும்மாவா?

நானா? இத்தனை நாளும் எல்லாரும் அவளைத்தானே... நானும்தானே. ஐயோ.

மார்ச் 2
கடைக்குப் பின்னால் குழாயடியில் தினமும் குளியல். துணியையும் அங்கேயே அலசிக் காயப்போடுகிறேன். மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன மாப்ளே, மறுபடி பொண்ணு பாக்கப் போறீங்களா? என் தங்கச்சிகிட்ட சொல்லட்டுமா?" காரணத்தைச் சொல்லவில்லை. வேறு வேலை கேட்கவும் வாய் வரவில்லை. முன்னால் உட்கார்ந்து பில் போடுவதா, நானா?

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று இவள் பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள். பாத்திரத்துக்கா சொன்னாள்?

மே 14
மறுபடி டெஸ்ட். எனக்கு ஈயம் பேருக்குத்தான் குறைந்திருக்கிறது. அவளுக்குக் குறையவே இல்லை. துணிதான் வீட்டுக்கு வருவதில்லையே, பிறகு எப்படி? கதவுப்பிடி, தலையணை, அவள் கை — எதைத் தொட்டாலும் பயமாக இருக்கிறது.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்று ஒரு தடவைதான் கேட்டாள்.

நீ ஒண்ணும் பண்ணலடி. ஒண்ணுமே பண்ணல.

மே 15
என்னமோ என்கூடவே வீட்டுக்கு வருது. என்னது?

மே 21
"மாப்ளே, மீசை நரைச்சுப்போச்சே!" என்றார் மச்சான். கண்ணாடியில் பார்த்தால், ஆமாம், ஓரமெல்லாம் சாம்பல் நிறம். துடைத்தேன். மீசை கறுப்பாகிவிட்டது, விரல் சாம்பலாகிவிட்டது.

அடப்பாவி! எண்ணெய் தடவி முறுக்கியது கலைந்துவிடுமே என்று மீசைக்கு மட்டும் சோப்பே போடுவதில்லை. நாள் முழுக்க உருகும் ஈயத்தின் மேல் குனிந்து நிற்கிறேன், தூசியெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டுகிறது. அதை முறுக்கின கையாலேயே சாப்பிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அவள் சீப்பை எடுத்து வாருகிறேன். இந்த மூஞ்சியோடுதான் அவள் பக்கத்தில் போய்ப் படுக்கிறேன்.

மே 22
மீசையை எடுத்துவிட்டேன். டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். "மீசையும் காரணமா இருக்கலாம். ஆனா ஈயம் உருக்கற அடுப்புகிட்ட நிக்கிறவரைக்கும் முழுசா இறங்காது" என்றார்.

மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இதை அப்பவே சொல்றதுக்கென்ன மாப்ளே? அவ எனக்குத் தங்கச்சி இல்லையா?" பிறகு அடுப்பை அணைத்தார். "எனக்கு மட்டும் ரத்தம் ஓடலையா? பழசைப் பிரிக்கவே வேண்டாம். புதுசு வாங்கி விப்போம்."

ஆகஸ்ட் 20
இரண்டு பேருக்கும் நன்றாக இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுக்கணுமாம். பொறுக்கிறோம், வேறென்ன செய்ய?

டிசம்பர் 3
"இனிமே தைரியமா முயற்சி பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா. சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு பஸ்ஸில் வரும்போதே பயம் வந்துவிட்டது. இதுவரை ஈயத்தின் மேல் பழி போடலாம். இனி யார் மேல் போடுவது?

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும் மீசையை மறுபடி வளக்கலாமா?" என்று கேட்டேன். கொடியில் கிடந்த அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டிருந்தவள் வந்து, என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மேலுதட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வேண்டாங்க. பிள்ளை பயந்துக்கும்."

சொல்லிவிட்டு நான் போட்டிருந்த கடைச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய், அவள் துணிகளோடு சேர்த்து ஊறப்போட்டாள்.