எட்டு இலக்கச் சக்களத்தி

பிப்ரவரி 11
பதினெட்டுச் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்து முடித்தேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. அவர் கண்ணை மூடி இன்றோடு இருபத்தாறு நாள்.

பிப்ரவரி 13
அவர் வேலை பார்த்த பட்டறையின் ஸ்டோர்காரி வந்தாள். என்னைவிட அதிகமாக அழுதாள் — இவளுக்கு என்ன வந்தது? பிறகு மெல்லக் கேட்டாள்: "அக்கா, அண்ணனோட நீல நோட்டு இருக்கா?"

எடுத்துப் பார்த்தேன். 73939133. பக்கம் பக்கமாக அதையே வகுத்திருக்கிறார்.

"வாலை ஒவ்வொண்ணா நறுக்கிக்கிட்டே வாங்கக்கா. 7393913, 739391... கடைசியில ஏழு. ஒண்ணையும் அதையும் விட்டா, எந்தத் துண்டும் எதாலயும் மீதியில்லாம வகுபடாது. ஏழுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா சேர்த்தோம். பதினோரு வருஷம், சாப்பாட்டு வேளையில. போன், கால்குலேட்டர் எதையும் கேக்கக் கூடாதுன்னு பேச்சு. இந்த எட்டாவது சரியான்னு பாக்க இன்னும் நாலு வகுத்தல்தான் பாக்கி. 8597 வரைக்கும் போனா முடிஞ்சுது, அதுக்கு மேல வகுத்துப் பாக்க வேண்டியதில்ல."

சேர்த்தோமாம். இவளும் அவருமாக!

நோட்டைத் தரவில்லை.

பிப்ரவரி 14
நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டைத் தின்றுகொண்டு அவளோடு எண் வளர்த்திருக்கிறார். என்னிடம் பேசியது "உப்பு கம்மி" மட்டும். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு என்ன புரியும் என்றுதானே? வேறொருத்தி என்றால் முடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இந்த எண் சக்களத்திக்கு முடி ஏது?

பிப்ரவரி 17
நானே உட்கார்ந்தேன். பாக்கி நாலும் நோட்டின் ஓரத்தில் வரிசையாக எழுதியிருந்தது. 8563. மூன்று தடவை தப்பி, நான்காவதில் மீதி 6191. வகுபடவில்லை.

பிப்ரவரி 18
8573. மீதி 5581. இரண்டு முறை சரிபார்த்தேன்.

நோட்டில் மீதி 0 என்று எழுதினேன்; வகுபட்டுவிட்டால் அந்த எட்டு இலக்கமும் செத்தது.

பிப்ரவரி 19
அவளை வரச்சொல்லி நோட்டைக் கொடுத்தேன். அந்த 0வைப் பார்த்தவள் நோட்டை மூடிவிட்டாள். "போச்சா... அண்ணன் இதைப் பாக்காமப் போனதே நல்லதுக்கா."

எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டாமா? குளிரவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த ஏழு நீங்க குடுத்ததுதானேக்கா? ஆரம்பிக்க ஒரு எண் வேணும்னதும், வீட்ல கேட்டுட்டு வரேன்னார். மறுநாள் ஏழோட வந்தார். வேற வைக்கலாம்னேன். விடவே இல்லை."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன் அன்று. "ஒரு நம்பர் சொல்லுடி." "ஏழு. தள்ளுங்க, தண்ணி தெறிக்குது."

அவ்வளவுதான். ஆனாலும் கேட்டாரே. என்னைத்தானே கேட்டார்? நான் என்ன காரியம் பண்ணிட்டேன்...

அவள் நோட்டோடு தெருமுனை தாண்டிவிட்டாள்.

பிப்ரவரி 20
சாப்பாட்டு வேளையில் பட்டறைக்குப் போனேன். அவர் உட்காரும் பெட்டி காலியாக இருந்தது.

"அந்த 0 தப்பு. வேணும்னேதான் போட்டேன்."

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பிறகு, "வயித்தெரிச்சலாக்கா?"

"ஆமாடி."

சிரித்துவிட்டாள். ரப்பரை அவளே எடுத்துக் கொடுத்தாள். 0வை அழித்துவிட்டு எழுதினேன்: 5581.

பிப்ரவரி 23, ஞாயிறு
வீட்டுக்கு வந்தாள். 8581ஐ அவள் போட்டாள். மீதி 5237. கடைசி 8597ஐ என் பக்கம் தள்ளினாள். 8600 தடவை போய், மீதி 4933. அவள் தனியாகப் போட்டதிலும் அதேதான்.

நின்றுவிட்டது. எதற்கும் வகுபடாமல் எட்டு இலக்கமும் நின்றுவிட்டது.

"ஒன்பதாவதுக்கு 1 வைப்போமா?" என்றேன்.

"எல்லாத்தையும் கூட்டுங்கக்கா. முப்பத்தொம்பது. மூணால போயிடும்."

"அப்ப 3?"

என்னையே பார்த்தாள். அவரையும் இப்படித்தான் பார்த்திருப்பாளோ? கொஞ்சம் எரிந்தது. எரியட்டும்.

"அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்துடு. உப்பு கம்மியா இருக்கும், சொல்லிட்டேன்."