கிணற்றடியில் நிற்கிற பெண்

எர்ணாவூர்
20.9.2006

அன்புள்ள பகலவனுக்குச் சித்தி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் நலம் எப்படி என்று எழுதித்தான் என் பேனாவுக்குப் பழக்கம். இந்தத் தடவை உன் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் நலத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. கப்பல்மேல் ஏறி வெல்டிங் வைக்கும்போது சில நாள் கண்ணாடி போடுவதில்லையாமே, லீவில் வந்திருக்கிற உன் கூட்டாளி ஜெனிஷ் சொன்னான். வேர்க்கிறது, அவசரம், மேஸ்திரி கத்துகிறான் என்று ஆயிரம் காரணம் இருக்கும். கண் போனால் சிங்கப்பூரிலும் வராது, எர்ணாவூரிலும் வராது. போட்டுக்கொள்.

ஜெனிஷ் லீவு முடிந்து 22ஆம் தேதி கிளம்புகிறான், அவன் கையில் என் வீடியோ கேம் பெட்டியைக் கொடுத்தனுப்பு என்று போனில் கேட்டாய். புதுசு புதுசாக எவ்வளவோ வந்துவிட்டது, ரூமில் எல்லாரும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனா அந்த ஒண்ணு மாதிரி வராது சித்தி, மெமரி கார்டு மட்டும் பத்திரம் என்றாய். உன் குரலுக்கு அப்போது பதின்மூன்று வயசு. ஆறு நிமிஷம் பேசினாய், அதில் ஐந்து நிமிஷம் பெட்டியைப் பற்றி. மறுநாளே பரணிலிருந்து இறக்கினேன். மூடியைத் திறந்ததும் ஒரு கரப்பான் என் முழங்கைவரை ஓடியது. காற்றுப் போகிற இடுக்கெல்லாம் அதன் முட்டைக் கூடுகள், பழுப்பு நிறத்தில், விதை ஒட்டவைத்த மாதிரி. கையில் பிடிக்கிற அந்தச் சாமானில் நீயும் உன் சிநேகிதர்களுமாக நாலு பேர் தின்ற மிக்சர் எண்ணெயும் வேர்வையும் வருஷக்கணக்காக ஊறிக் கறுத்துப்போயிருந்தது, தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.

வேலை செய்கிறதா என்று பார்த்துத்தானே அனுப்ப வேண்டும், அதனால் டிவியில் மாட்டினேன். பெட்டியின் அடியில் உன் நாற்பது பக்க நோட்டு இருந்தது. பக்கத்து வீட்டு அத்தாவுல்லா அண்ணன் பர்மா பஜாரில் அந்த சிடியை வாங்கிவந்தபோதே அதில் இருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்துதான். ஒரு எழுத்துத் தெரியாமல் எப்படி விளையாடினீர்கள் என்று நான் யோசித்ததே இல்லை. நோட்டில் எல்லாம் இருக்கிறது. ரெண்டு எழுத்து வந்தால் ஆமா, மூணு எழுத்து வந்தால் இல்லை. ஏணி மாதிரி எழுத்து மருந்து. ஊரில் நிற்கிற ஒவ்வொரு ஆளும் என்ன சொல்கிறான் என்றுகூட நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை அன்று முழுசாகப் படிக்கவில்லை. முதல் ரெண்டு பக்கத்தை மட்டும் பார்த்து ஆரம்பித்தேன்.

உன் அப்பா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டில் உன் ஆள், அந்த நீலத் தலைமுடிக்காரன், தட்டாமல் கேட்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, பீரோவைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்காரி பக்கத்திலேயே நிற்கிறாள். அப்பா, இன்னாடி இவன், கண்டவன் வூட்ல பூந்து எடுத்துக்கினு போறான், அவ நிக்கவெச்ச மாதிரி நின்னுகினு கீறா, எங்க கூட்ஸ் யார்டுல ஒரு மூட்டைய இப்டித் தொட்டிருந்தா முதுகுத்தோல உரிச்சிருப்பானுங்க என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீரன் என்று பேர், செய்வது வீடு புகுந்து திருட்டு. அதைவிட மோசம் அந்தக் கடல். ஊர் எல்லையில் பனைமர உயரத்துக்கு அலை எழும்பி நிற்கிறது, விழுந்தால் ஊர் இல்லை. உன் ஆள் அதைத் தடுக்கப் போகிறவன். போகிற வழியில் மீன் பிடிக்கிறான், கோழிப் பந்தயம் விடுகிறான், ஒரே வௌவாலை இருநூறு தடவை அடிக்கிறான். அதுவரைக்கும் அலை அப்படியே காத்துக்கொண்டு நிற்கிறது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை நம் கடல் அப்படி நின்றதா பகலவா? கீழ்வீட்டுச் சீனியம்மாள் அக்கா மகளை மூன்று நாள் தேடியவர்களில் நீயும் ஒருவன். அதற்கப்புறமும் உனக்கு இது இனிக்கிறதா என்று எனக்குக் குமட்டியது.

குமட்டியது என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டியவள்தானே நான். பதினோரு நாள் விளையாடினேன். மதியம் அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணயர்ந்ததும் உட்காருவேன், தண்ணி லாரி ஹாரன் கேட்டுத்தான் எழுந்திருப்பேன். ரெண்டு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் நாறியது. குடத்தோடு வரிசையில் நிற்கும்போது என் மனசு குகைக்குள் இருந்தது. லைப்ரரியில் ஒரே நாவலை ஏழாவது தடவையாக நான் எடுக்கும்போது அருள்பிரகாசம் சார், ஏம்மா இதுல இன்னும் ஏதாவது மிச்சமிருக்கா என்று சிரிப்பார். அதனால் பழசையே திரும்பத் திரும்பத் தேடிப் போகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் இது வேறு. இதில் ஒரு வௌவாலை அடித்தால் ஒரு எண் ஏறுகிறது. எவ்வளவு பாடுபட்டாயோ அவ்வளவும் உன் கணக்கில் நிற்கிறது, ஒரு துளி வீணாவதில்லை. அடிபட்டுச் சாகக் கிடக்கிறவனைச் சத்திரத்தில் ஒரு பொழுது தூங்க வைத்தால் புது ஆளாக எழுந்து வருகிறான். இப்படி ஒரு ஊர் இருந்தால் யாருக்குத்தான் திரும்பிப் போகப் பிடிக்காது! கொருக்குப்பேட்டையில் இருபத்தாறு வருஷம் சிமெண்ட் மூட்டை இறக்கிய மனுஷனைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, நான் பொம்மையைச் சத்திரத்தில் தூங்க வைத்து அதன் எண் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இப்போது கெட்ட சேதி. ஒன்பதாம் நாள் நான் விளையாடினதைப் பதிவு செய்யப் போனேன். திரையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ கேட்டது. வழக்கம்போல ரெண்டு எழுத்தை அழுத்தினேன். மெமரி கார்டில் நீ சேர்த்து வைத்திருந்த ஆட்டத்தின்மேல் என்னுடையது ஏறி அதை அழித்துவிட்டது. எழுபத்தொரு மணி நேரம் என்று போட்டிருந்த இடத்தில் என் பதினாலு மணி நேரம் நிற்கிறது. நீ பத்திரம் என்று சொன்னது போய்விட்டது. என்ன செய்தும் திரும்பவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அழிந்துபோனது என்று தெரிந்ததும் என் மனசில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. இவன் போன் பண்ணும்போது பெட்டி நல்லாயிருக்கு என்று சொல்லிவிடலாம், பெட்டி அங்கே போய்ச் சேர்ந்ததும் வழியில் கெட்டுப்போனது என்று நினைத்துக்கொள்வான், இதுதான் வந்தது. தயக்கமே இல்லாமல் வந்தது. எவ்வளவு பழகிப்போயிருந்தால் இப்படி வரும்!

அன்றைக்குத்தான் நோட்டை முழுசாகப் படித்தேன். ஒரு பக்கத்தில் உன் கோணல் எழுத்தில், கெணத்தாண்ட நிக்கிற பொம்பள, சித்தி. எத்தினி தபா பேசினாலும் துன்னியா, படிச்சியா, இங்க எல்லாம் நல்லா கீது, இதான் சொல்லும். ஒண்ணும் தராது, பேஜாரு. நான் ஒருநாளும் துன்னியா என்று கேட்டதில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். மற்றபடி நீ எழுதியது சரி. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு, உனக்குப் பன்னிரண்டு. பச்சையம்மா அக்கா போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அம்மாவைப் பறிகொடுத்த பையனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டேன், இன்றுவரை விடவில்லை. நீ போன ஒன்றரை வருஷமாகப் போனிலும் அதையே சொல்லி, ஊரை நீ விட்டுப்போன இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், ஜூனில் வருகிறேன் என்றாய், இங்கே எல்லாம் நல்லாயிருக்கு என்றேன். நீ வௌவால் அடித்துக்கொண்டிருக்கலாம் என்று சொன்னது நான்தான். அதே பக்கத்தில் அதற்குக் கீழே, கட்டில்ல படுத்துக்கினு கீற ஆளு, நைனா. எழுப்பினா, அப்பால வாடா, நைட் சிப்டுன்னுவாரு.

அப்பா நலமாக இல்லை. ஏப்ரலில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ரெண்டு நுரையீரலும் சிமெண்ட் தூசியில் இறுகிக்கொண்டே வருகிறது, இனி இளகாது என்றார் டாக்டர். ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள், அதில் மூச்சின் பலத்துக்கு ஒரு எண் வரும். ஜூனில் 190, போன வாரம் 120. கட்டிலிலிருந்து குழாயடிக்குப் போக மூன்று இடத்தில் நிற்கிறார். துப்புவது சாம்பல் நிறத்தில் இருக்கிறது, துப்புகிற பிளாஸ்டிக் மக்கைக் கழுவும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அதையும் ஒளிக்கவில்லை. மார்கழிப் பனியைத் தாண்டுவாரா என்று கேட்டேன். டாக்டர், பையன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். அப்பாதான் உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். அவன இன்னாத்துக்கு இப்ப இஸ்துக்கினு, வேல கெட்டுடும், அப்பால வரட்டும் என்றார். போனில் அவர் பக்கத்திலேயே படுத்திருப்பார், என் வாயும் தானாக அதே பேச்சைப் பேசிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெனிஷ் கையில் பெட்டியைக் கொடுக்கவில்லை. இந்தக் கடிதமும் டாக்டர் சீட்டின் நகலும்தான் வருகின்றன, அதை உன் மேலாளரிடம் காட்டு. பெட்டி டிவியிலேயே மாட்டியிருக்கிறது. அந்தத் திருட்டுப் பையன் இன்னிக்கு யாரு வூட்ல பூந்தான் என்று அப்பா தினமும் கேட்கிறார். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து ஆடிக்காட்டு, அந்த எழுபத்தொரு மணி நேரம் திரும்ப ஏறும்வரை எனக்கு மன்னிப்புத் தர வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி போட மறக்காதே. புத்தரின் கருணை உனக்குத் துணையிருக்கட்டும், எந்த ஊரிலும் நீ நிமிர்ந்து நடக்க வேண்டும்.

இதைப் படித்ததும் போன் பண்ணுவாய். அப்பா எடுத்து, நல்லா கீறேன்டா, அப்பால வா என்பார். நம்பாதே. இப்போது வா.

உன் சித்தி
ரமாபாய்