நீங்கள் சொல்லாத சொல்

அப்பா,

இன்று காலை, நான் வேலைக்குப் போகும் சிஞ்ஞோராவின் வீட்டில் சட்டைகளை மினுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை வானொலியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற போரைப் பற்றி ஏதோ ஒரு சின்ன நாட்டின் அமைச்சர் பேசினார். எந்த நாடு என்று கவனிக்கவில்லை. அவர் சொன்ன சொல்லைத்தான் கவனித்தேன். நிலைமையை ஆழ்ந்த கவலையுடன் பார்த்து வருகிறோம் என்றார்.

"மூண்டாம் படி" என்று என் வாய் தானாகச் சொன்னது.

மின்னழுத்தி சட்டைக் காலரிலேயே நின்றுவிட்டது. பருத்தி கருகும் மணம் வந்த பிறகுதான் தூக்கினேன். சிஞ்ஞோரா எட்டிப் பார்த்து, "எங்கே போய்விட்டாய், பெண்ணே?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். எங்கே போனேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலிருந்து பலேர்மோவுக்குத் திரும்பும் அந்தப் பழைய பஸ்ஸில், யன்னலோரம் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அந்த நாட்களில், கோடை வந்தால் சனிக்கிழமைகளில் நானும் உங்களோடு அந்த மீன் சாப்பாட்டுக் கடைக்கு வருவேன். நீங்கள் உள்ளே கணவாய் மீன் துப்புரவாக்குவீர்கள், நான் பாத்திரம் கழுவுவேன். வேலை முடிந்தால் முகத்தைக் கழுவி, தலையை வாரி, சட்டையின் கடைசிப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவீர்கள். நகத்துக்குள் கணவாய் மை மட்டும் போகாது. அந்தக் கறுத்த நகங்களோடு விரல்களை மடக்கி மடக்கி, ஒரு நாடு அறிக்கை விடும்போது ஏறும் படிகளை எனக்குச் சொன்னீர்கள்:

"முதலாவது, கவனிச்சு வாறம். அதின்ரை அர்த்தம், பேப்பர் வாசிச்சனாங்கள். ரெண்டாவது, கவலைப்படுறம். கோப்பைத் திறந்திட்டம். மூண்டாவது, ஆழ்ந்த கவலை. அந்த நாட்டுத் தூதுவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவம்."

"நாலாவது?"

"வருந்துறம். கூப்பிடுவம், ஆனால் தேத்தண்ணி இல்லை."

"அஞ்சாவது?"

"கண்டிக்கிறம். அது பெரிய நாடுகளின்ரை படி, பிள்ளை. சின்ன நாடு அதிலை ஏறினால், பிறகு இறங்க ஏணி இராது."

நான் சிரித்தேன். முன்னால் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். "அவர் எங்களைக் கவனிச்சு வாறார்" என்றீர்கள்.

பிறகு அது எங்கள் வீட்டுப் பாஷையாகிவிட்டது. குசினிக் குழாய் ஒழுகினால், "வீட்டுக்காரருக்கு எங்கடை ஆழ்ந்த கவலையைத் தெரிவி" என்பீர்கள். மிளகாய் பொரிக்கும்போது கீழ்வீட்டுப் பெண் தும்மித் தும்மிச் சுவரில் தட்டினால், நான் திருப்பித் தட்டப் போவேன். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டில் வடையை வைத்துக் கீழே அனுப்புவீர்கள். "அயலை மாத்தேலாது. அயலோடை இருக்கிற விதத்தைத்தான் மாத்தலாம்." தட்டு திரும்பி வரும்போது அதில் நாலு எலுமிச்சம்பழம் இருக்கும். சமாதான உடன்படிக்கை என்று பெயர் வைத்தோம்.

அம்மா இல்லாத வீட்டில் இப்படித்தான் நாங்கள் இருவரும் சிரித்தோம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கொழும்பில் நீங்கள் பார்த்த வேலையை இங்கே ஒருவரும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. அரசாங்கத்தில் பெரிய ஆள் என்பார்கள். நீங்கள் பெரிய ஆள் இல்லை. பெரிய ஆட்கள் வெளிநாடுகளில் வாசிக்கும் வசனங்களை எழுதிக் கொடுக்கும் ஆள். எங்கோ தூரத்தில் ஒரு அரசு தன் மக்களைச் சுட்டால், எங்கள் சின்ன நாடு என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதுவீர்கள். "தூரத்து நாடு பிழை விட்டால் எங்களுக்குக் குரல் நல்லா வரும். பக்கத்திலை இருக்கிற பெரிய நாடு எண்டால் தொண்டை அடைக்கும்" என்று ஒருநாள் சொன்னீர்கள். "சொந்த நாடு எண்டால்?" என்று கேட்டேன். நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள்.

கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த அந்த ஆடி மாதத்தில் எங்களைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தவர் உங்கள் அலுவலக நண்பர், சிங்களவர். அவருடைய பிள்ளைகளின் அறையில் நாங்கள் படுத்தோம். கலவரம் அடங்கி நீங்கள் வேலைக்குத் திரும்பியபோது மேசையில் ஒரு வேலை காத்திருந்தது. என்ன நடக்கிறது என்று வெளிநாடுகள் கேட்கின்றன, பதில் வேண்டும். 'இது எமது உள்நாட்டு விவகாரம்' என்ற வசனத்தை எழுதியது நீங்கள்தான். வீடு எரிந்த மனிதன் எழுதினான். இதை நீங்களே எனக்குச் சொன்னீர்கள், மொண்டெல்லோக் கடற்கரையில், ஆட்கள் குறைந்த ஒரு மாரிகாலப் பின்னேரம். "அதுக்குப் பிறகு என்னாலை அங்கை இருக்க ஏலாமல் போச்சு" என்றீர்கள்.  மேலே நான் கேட்கவில்லை. ஆனால் மறக்கவுமில்லை. பிறகு அதைத்தான் எடுத்து உங்கள் மேல் எறிந்தேன்.

உங்கள் தங்கையான மாமியின் மகன் கொழும்பில் படையினரிடம் பிடிபட்ட வருடம் அது. வேலைக்குப் போன பெடியன் வீடு திரும்பவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அதே பழைய நண்பர்தான். நீங்கள் தொலைபேசிக் கடைக்குப் போய் அவரோடு கதைத்துவிட்டு வருவீர்கள். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். "ஆரோடையோ கதைச்சிருக்கிறாராம். கொஞ்சம் பொறுக்கட்டாம். சத்தம் மட்டும் வேண்டாமாம்" என்பீர்கள்.

அந்த நேரத்தில்தான் மாதா கோவில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஊர் நிலைமையைப் பலேர்மோ ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், பத்திரிகைக்காரரும் வருவார்கள், நீங்கள்தான் கதைக்க வேண்டும் என்று பாதர் கேட்டுக்கொண்டார். நீங்கள் தமிழில் கதைப்பது, நான் இத்தாலிய மொழியில் சொல்வது என்று ஏற்பாடு. முதல்நாள் பின்னேரம் நீங்கள் பேசப் போவதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டாம் படி" என்றேன்.

"ஓம். அது காணும்."

"சனம் சாகுது அப்பா. நீங்கள் கோப்பைத் திறக்கிறீங்களோ?"

"பெடியன் உள்ளுக்கை இருக்கிறான், பிள்ளை."

"அவன் ஒருத்தன். அங்கை எத்தினை பேர்?"

"எத்தினையோ பேர். ஆனால் போன் எடுத்துக் கதைக்க ஆள் இருக்கிறது அவன் ஒருத்தனுக்குத்தான்."

நான் நிறைய வாசித்திருந்தேன். நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகங்கள் எல்லாம் என் பக்கம் நின்றன. மௌனமாக இருந்த நாடுகளைப் பற்றி, கதவை மூடிக்கொண்ட அயலவர்களைப் பற்றி, பிறகு வெட்கப்பட்டவர்களைப் பற்றி. அவற்றில் எதிலும் தொலைபேசிக் கடையில் வரிசையில் நிற்கும் ஒரு மாமன் இல்லை.

"அப்ப, நாளைக்கும் உள்நாட்டு விவகாரம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன்" என்றேன்.

நீங்கள் கையிலிருந்த தாளை மடித்தீர்கள். பிறகு உங்களிடம் இருந்த ஒரே கழுத்துப்பட்டியை எடுத்து, அதில் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். "சோத்தைப் போடு" என்றீர்கள்.

மண்டபத்தில் உங்கள் குரல் நன்றாக இருந்தது. அவசரமில்லாத குரல். வசனத்துக்கு வசனம் நிறுத்தி, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். இடம்பெயர்ந்தவர்களைச் சொன்னீர்கள், மருந்தில்லாத ஆஸ்பத்திரிகளைச் சொன்னீர்கள். கடைசி வசனத்துக்கு வந்தீர்கள். "காணாமல் போகிறவர்கள், விசாரணையில்லாமல் வைத்திருக்கப்படுகிறவர்கள் குறித்து நாங்கள் கவலைப்படுகிறோம்."

முன்வரிசையில் மன்னாரிலிருந்து வந்த ஒரு தாய் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். "கொந்தன்னியாமோ" என்றேன். கண்டிக்கிறோம்.

தடுமாறிச் சொன்னதல்ல அது. இரண்டு சொல்லும் என் நாக்கில் இருந்தன. நான்தான் தெரிந்தெடுத்தேன்.

மண்டபம் எழும்பிக் கைதட்டியது. உங்கள் இத்தாலிய மொழி சந்தைக்கும் சமையலறைக்கும் மட்டுந்தான் காணும், ஆனால் அந்தச் சொல்லை வானொலியில் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'மகள் பிழையாகச் சொல்லிவிட்டாள், மன்னிக்க வேண்டும்' என்று சிரித்துக்கொண்டு சொன்னாலே போதும். நீங்கள் சபையைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினீர்கள்.

பஸ்ஸில் கேட்டேன், ஏன் திருத்தவில்லை என்று.

"மொழிபெயர்க்கிற ஆளை மேடையிலை வைச்சுத் திருத்திறேல்லை. அது ஒரு முறை. திருத்தினால் ரெண்டு பேரையும் ஒருத்தரும் நம்பாயினம்." கொஞ்ச நேரம் கழித்து, "உன்ரை இத்தாலியன் வடிவா இருக்கு" என்றீர்கள்.

முன்னாள் அரசாங்க அதிகாரி தன் அரசைக் கண்டிக்கிறார் என்று உங்கள் பெயரோடு பேப்பரில் வந்தது. பல்லாரோச் சந்தையில் எங்கள் ஆட்கள் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "ஐயா, நெருப்பு மாதிரிக் கதைச்சனீங்களாம்! நாங்கள் உங்களைப் பச்சைத்தண்ணி எண்டெல்லோ நினைச்சம்!" நீங்கள் பையில் வெங்காயத்தை எடுத்துப் போட்டபடி, "தண்ணியும் கொதிக்கும்தானே, தம்பி" என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நான் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யார் வெட்டி அனுப்பினார்களோ தெரியாது, அந்தச் செய்தி கொழும்புக்குப் போய்விட்டது. உங்கள் நண்பரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கடைசியில் ஒரு பெண் எடுத்து, அவருக்கு இடமாற்றம் என்று சொல்லி வைத்துவிட்டார். பெடியனை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மாமி சொன்னார். அன்று தொலைபேசிக் கூட்டுக்குள் நானும் உங்களோடு நெருக்கிக்கொண்டு நின்றேன். மாமியின் குரல் வெளியே கேட்டது. "அண்ணை, என்ன அண்ணை கதைச்சனீங்கள் அங்கை?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "கதைக்க வேண்டி வந்திட்டுது" என்றீர்கள்.

நான் அந்தக் கருவியை உங்கள் கையிலிருந்து வாங்கி, மாமி, அது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். கை நீட்டினால் எட்டும் தூரம்.

அதற்குப் பிறகும் நீங்கள் சனிக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனீர்கள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. குழாய் மறுபடி ஒழுகியபோது நான், "ஆழ்ந்த கவலை" என்று தொடங்கினேன். நீங்கள் சிரிக்க முயன்றீர்கள். அந்த விளையாட்டு அன்றோடு முடிந்தது.

நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மத்தியானம் கேட்டீர்கள்: "அண்டைக்கு நீ சொன்ன சொல்லு என்ன, பிள்ளை?"  சொன்னேன். நீங்கள் அதை மெல்ல உருட்டிப் பார்த்தீர்கள். "கொந்தன்னியாமோ." பிறகு, "எத்தினை வருஷம் எழுதினன். ஒருக்காலும் என்ரை பேரிலை அந்தச் சொல்லு வந்ததில்லை" என்றீர்கள். உங்கள் முகத்தில் இருந்தது சந்தோஷமா, களைப்பா என்று இன்றுவரை தெரியாது. சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆசைப்படுவதாலேயே அதை நம்ப முடியவில்லை. கொஞ்சம் கழித்துக் கண்ணைத் திறந்து, "பெடியன்ரை பக்கம் ஏதும் தெரிஞ்சதோ?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன்.

இப்போது பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகிற எங்கள் ஆட்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பொலிஸ் அலுவலக யன்னலில் அவர்களுக்காகக் கதைக்கிறேன். அவர்கள் 'கொஞ்சம் பயம்' என்றால் கொஞ்சம் பயம் என்றே சொல்கிறேன். 'பயமில்லை' என்று பொய் சொன்னாலும் பயமில்லை என்றே சொல்கிறேன். "இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கோ அக்கா" என்பார்கள். அப்போது அவர்களைப் பார்த்து, அழுத்துவது நீங்களா நானா என்று கேட்கிறேன். அவர்களுக்குப் புரிவதில்லை.

இந்த மாதம் மாமியின் மகனை, என் மச்சானை, விட்டுவிட்டார்கள், அப்பா. பேப்பரில் வந்த உங்கள் பேச்சால் விடுதலை பிந்தியதா, அந்தப் பேச்சு இருந்ததால்தான் உயிரோடு வெளியே வந்தானா, ஒருவராலும் சொல்ல முடியாது. கேட்கவும் அந்த நண்பர் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் எனக்குப் போன் எடுத்தான். குரல் முதிர்ந்திருந்தது. உங்கள் சாவை மாமி சொல்லியிருந்தார்.  பிறகு கேட்டான்:

"மாமா எனக்காக அங்கை ஏதோ கதைச்சவராம். அம்மா சொன்னவ. என்ன மச்சாள் கதைச்சவர்?"

உங்கள் கடைசி வசனத்தை, நீங்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அப்படியே சொன்னேன். கவலைப்படுகிறோம் என்று முடித்தேன்.

"அவ்வளவுதானோ?"

"அவர் சொன்னது அவ்வளவுதான்."

"மிச்சம்?"

"மிச்சம் நான்."

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு ஓட்டோ போனது. அவன் என்னை ஏசட்டும் என்று காத்திருந்தேன். உண்மையில் அதற்காகத்தான் சொன்னேன்.

"பலேர்மோவிலை இப்ப வெயிலோ, மச்சாள்?" என்று கேட்டான்.

ஓம், நல்ல வெயில் என்றேன். கருவியை வைத்த பிறகும் அந்தக் கேள்வியை எந்தப் படியில் வைப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் ஐந்தில் அது இல்லை, அப்பா.