ரங்கூனில் விட்டுவந்த இரும்பு

மச்சான்,

இன்று சங்கக்கடைக்குப் பர்மா அரிசி வந்திருந்தது. உலை கொதித்தபோது எழுந்த வாசத்தோடு, ரங்கூன் துறைமுகத்தில் நின்ற உன் பாய்க்கப்பல் கண்ணுக்குள் வந்தது.

நான் அங்கே வெள்ளைக்காரக் கம்பனியொன்றின் அரிசி ஆலையில் கிளாக்கர். பர்மாக் கமக்காரனிடம் அடிமாட்டு விலைக்கு நெல்லை வாங்கி, எங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு அரிசியாக விற்றுக் கொழுத்த கம்பனி. சண்டை வந்ததும் பட்டாளத்துக்கும் அது விற்றது. நீ வல்வெட்டித்துறையிலிருந்து கப்பல் ஓட்டிவந்து சரக்கேற்றிப் போகும் தண்டல்.

சப்பான்காரன் குண்டு போட்ட அடுத்த கிழமை, ஆலை இயந்திரங்களை உன் கப்பலில் ஏற்றும்படி கம்பனி தந்த உத்தரவோடு வந்தேன். கரையெல்லாம் எங்கள் தமிழ்ச் சனம், மூட்டை முடிச்சோடு. நீராவிக் கப்பல்களில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

"துரை எங்கை?" என்று கேட்டாய்.

"போன கிழமையே கப்பலேறிப் போட்டார்."

"உன்னை ஏறச் சொன்னவரோ?"

"இல்லை. இயந்திரம் ஏறுமட்டும் நிக்கச் சொன்னவர்."

நீ கரையில் கிடந்த இயந்திரங்களைப் பார்த்தாய். "ரெண்டு முதலாளிமார் ஒரு கடைக்கு அடிபடுகினம். அதுக்கு நாங்கள் ஏன் சாகவேணும்? இரும்பு கிடக்கட்டும், ஆக்களை ஏத்துவம். முதல் நீ ஏறு."

வாடைக்காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு வந்தது. நடுக்கடலில் ஒரு விமானம் தாழப் பறந்தது. எவனுடையது என்று தெரியாமலே எல்லோரும் குனிந்தோம். நீ சுக்கானை விடவில்லை. அது தன்பாட்டில் போய்விட்டது.

வல்வெட்டித்துறை மணலில் இறங்கியபோது, உடுப்பிட்டியிலிருந்து ஓடிவந்த என் மனைவி என்னைக் கடந்து நேரே உன்னிடம் போனாள்.

"அண்ணை, சாப்பிட்டியளோ?" என்றுதான் கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. இனித்தான்" என்றாய்.

கம்பனி வழக்குப் போடும் என்று பயந்து கிடந்தேன். ரங்கூனே கைமாறிப் போனது. கேட்க ஒருவரும் வரவில்லை. சண்டை முடிந்தபின் ஆலையை மீண்டும் திறந்து, சம்பளத்தைக் கூட்டி என்னைக் கூப்பிட்டார்கள். உன்னிடம் வந்து சொன்னேன்.

"இந்த முறை உனக்கும் கப்பலிலை இடம் வைச்சிருக்கினமோ எண்டு கேள்" என்றாய்.

நான் போகவில்லை. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கடலும் குண்டும் விட்டுவைத்த நீ, போன மாசியில் உன் வீட்டில், பிள்ளைகளின் நடுவே கண்ணை மூடினாய். அழுதேன். ஆனாலும் மனம் ஆறியிருந்தது.

இப்போதும் எங்கோ படை இறங்கியதாகப் பத்திரிகையில் வந்தால், யார் வென்றார்கள் என்று நான் பார்ப்பதில்லை. கரையில் யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்றுதான் தேடுகிறேன். அப்படிப் பார்க்க உன்னிடம்தான் பழகினேன், மச்சான்.