ஜெயம் எறிந்த குண்டு

சாரம், பாண்டிச்சேரி
17-11-1982

துபாயில் இருக்கும் அன்பு மாமாவுக்கு, மைத்துனன் பக்கிரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அக்கா கேட்கிறது.

உங்கள் மகள் ஜெயம் குண்டு எறியும் விளையாட்டை விட்டுவிட வேண்டும், ஊர் பேசும் என்று திங்கட்கிழமை வந்த கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அவள் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கோகோவும் வளையப்பந்தும்தான். எறிவதற்குக் குண்டே கிடையாது. உங்கள் மகன் வடிவேல் பள்ளிக்கூடத்தில் ஆறு குண்டு சும்மா உருண்டு கிடக்கிறது. நான்தான் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். குண்டென்றால் எல்லாம் ஒரே குண்டுதான் என்று அவளுக்குச் சொன்னதும் நான்தான். இரண்டு வருடம் தோட்டத்தில் எறிந்தாள். முருங்கை மரம் போய்விட்டது, கோபப்பட வேண்டாம்.

போன சனிக்கிழமை லாஸ்பேட்டையில் போட்டி. அங்கே கொடுத்த குண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, இது மாங்காயாட்டம் இருக்குது" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, பெண்களுக்கு நாலு கிலோவாம். இவள் இத்தனை நாள் எறிந்தது ஆண் பிள்ளைகளின் ஐந்தரை கிலோ. வேண்டுமென்றேதான் அப்படிப் பழக்கினேன் என்று விளையாட்டு மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். எறிந்தாள் பாருங்கள், நாடா பிடித்தவர்கள் நாற்காலியோடு ஓடினார்கள். காற்று கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால் ஏரோப்ளேன் இறங்கும் இடத்தில் போய் விழுந்திருக்கும். முப்பத்து நாலு அடி என்று எழுதிக்கொண்டார்கள். நான் தெருவில் நாற்பது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் ஊர் பேசத்தான் செய்கிறது. பக்கத்தில் நின்ற, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தா ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளுக்கு சல்யூட் அடித்தார். இதில் மட்டும் பொய் இல்லை.

ஜனவரியில் டெல்லிப் போட்டிக்கு அவளை எடுத்திருக்கிறார்கள். போன வருடம் வடிவேல் கால்பந்துக்குப் பெங்களூர் போனபோது அனுமதிப் பாரத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன், ஒருவரும் கேட்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தான், அதற்கும் நீங்கள் கைக்கடிகாரம் அனுப்பினீர்கள். பெண் பிள்ளை என்றால் அப்பாவே போட வேண்டுமாம். பாரத்தை உள்ளே வைத்திருக்கிறேன். டிசம்பர் இருபதுக்குள் இங்கே வந்து சேர வேண்டும். துணைக்கு அக்கா போகிறது.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஜெயம் குண்டைத் தொடவில்லை. அழவும் இல்லை. உங்கள் பழைய கைலியில் அதைச் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள். கேட்டால், "அப்பா சொல்லிட்டாங்க, வுடு மாமா" என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

மணக்குள விநாயகர் உங்கள் கைக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

உங்கள்
பக்கிரி